சென்னையின் சிவப்புக் கட்டடங்கள் எல்லாம் சிஷோமுடையவையா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் ஹவுஸ், உயர் நீதிமன்றம், சென்ட்ரல், எழும்பூர் எல்லாமே சிஷோம் என்ற ஒரே வெள்ளைக்காரர் கட்டியவை என்று எங்கோ படித்தீர்கள், அது உண்மையா, இந்தோ-சரசெனிக் பாணியை (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்து கட்டும் முறை) கண்டுபிடித்ததும் அவர்தானா, அவருடைய வேலையை ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போகலாம். மூன்று கேள்விகள். ஆனால் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: பழைய கட்டடம் ஒன்றைக் காட்டி ‘இது இன்னாருடையது’ என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறோம்?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். படித்தது சிவில். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கோப்பு புரட்டிய வரலாற்று ஆய்வாளன் இல்லை. சாரத்தில் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்துப் பேசுகிறவன். அதனால் சுவர், கூரை, சாந்து பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொதுவில் பதிவான விவரங்களை வைத்துச் சொல்கிறேன்.

ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் பிறந்தது 1840. ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்; எழுத்துக் கூட்டிப் படித்தால் வாய் சுளுக்கிக்கொள்ளும். அவர்கள் ஊரில் கிட்டத்தட்ட ‘சிஸம்’ என்றுதான் சொல்வார்கள். நம்மூரில் சிஷோம் என்றே பழகிவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தியாவில் அவர் முதலில் வேலை பார்த்தது கல்கத்தாவில். 1864-இல் சென்னை அரசு மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கட்டட வரைபடங்கள் கேட்டுப் போட்டி அறிவித்தது. அதில் ஜெயித்துத்தான் அவர் இங்கே வந்தார். அப்போது வயது 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். பிறகு சென்னை அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் என்ற பதவி கிடைத்தது. கொஞ்ச காலம் எழும்பூர்ப் பக்கம் இருந்த அரசுக் கலைப்பள்ளியையும் நடத்தினார். 1884-இல் ஹேவல் என்ற கலை ஆசிரியர் அங்கே பொறுப்பேற்பதற்கு முந்தைய காலம் அது. சிலர் எழுதுவதுபோல மாநகராட்சியின் கட்டடக் கலைஞர் அல்ல அவர். ஊட்டியிலிருந்து திருவனந்தபுரம் வரை வரைந்து கொடுத்தவர்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மாநிலக் கல்லூரி அவருடையது, சந்தேகமில்லை. 1867-இல் அடிக்கல் போட்டு, 1870-இல் எடின்பரோ கோமகன் வந்து திறந்துவைத்தார். ஆனால் கீழே நின்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுகிற அந்த நான்கு முகக் கடிகாரம் 1940-இல் வந்தது, கல்லூரியின் முன்னாள் முதல்வர் பைசன் பெயரில். செனட் ஹவுஸ் அவருடையது. 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது. உயர் நீதிமன்றம் அவருடையது இல்லை. அதன் முதல் வரைபடம் பிராசிங்டன் போட்டது. அதைத் திருத்தி வளர்த்தவர் ஹென்றி இர்வின், கூடவே ஸ்டீபன்ஸ். 1892-இல் திறந்தார்கள். எழும்பூர் நிலையமும் இர்வின் கணக்கில்தான் வருகிறது, அது 1908. அந்த நேரத்தில் சிஷோம் லண்டனுக்கே திரும்பிவிட்டார். சென்ட்ரல் கொஞ்சம் சிக்கல். 1873-இல் எழுந்த நிலையத்தின் வடிவமைப்பாளர் ஜார்ஜ் ஹார்டிங். பிற்பாடு நடந்த மாற்றங்களில் சிஷோமின் கையும் உண்டு என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். யார் எந்தக் கோபுரத்தைத் தொட்டார்கள் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருப்பதால், சென்ட்ரலை அவர் பெயரில் நான் எழுதமாட்டேன்.

நீங்கள் கேட்காமல் விட்டவையும் இருக்கின்றன. ராஜாஜி சாலையில் 1884-இல் திறந்த தலைமை அஞ்சலகம், அண்ணா சாலையில் பி. ஓர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடை, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் விக்டோரியா பொது மண்டபம், ஊட்டியில் நீலகிரி நூலகம், லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி. இத்தனையும் சிஷோம். இவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒரே ஆள் வரைந்த மாதிரியே தெரியாது. நீலகிரி நூலகம் இங்கிலாந்தில் ஏதோ மாதாகோயில் பக்கத்தில் நிற்க வேண்டிய கட்டடம். மாநிலக் கல்லூரியில் இத்தாலிய வாடை. செனட் ஹவுஸ் பக்கம் வந்தால் நான்கு மூலையிலும் கோபுரம், தலையில் குமிழ், பைசாந்திய (பழைய கிழக்கு ரோமானிய) பாணித் தூண்கள், நடுவே நம்மூர் வேலைப்பாடு. இந்த மாற்றம்தான் அந்த மனிதரிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

என்ன நடந்தது? போட்டியில் ஜெயித்ததற்கும் செனட் ஹவுஸ் கட்டத் தொடங்கியதற்கும் நடுவில் பத்து வருடம் இருக்கிறது. அந்தப் பத்து வருடத்தில் அவருக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் கிடைத்தன என்று சொல்வேன். ஒன்று சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768 வாக்கில் எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் பால் பென்ஃபீல்டு கட்டினார் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது வழிவழியாக வரும் செய்தி, கையெழுத்துப் போட்ட வரைபடம் மாதிரி உறுதியான சான்று இல்லை. அந்த நவாப் பட்டம் பறிபோனபின் அரண்மனை அரசின் கைக்கு வந்தது. அதை வருவாய் வாரிய அலுவலகமாக மாற்றும் வேலை சிஷோமிடம் வந்தது. ஹுமாயூன் மகாலையும் கலச மகாலையும் ஒரு கோபுரத்தால் இணைத்தார். பழையதற்குப் பக்கத்தில் தன் ஊர்ப் பாணியைக் கொண்டுவந்து ஒட்டாமல், பழையதின் மொழியிலேயே பேச முயன்றார். அவருடைய முதல் ‘சரசெனிக்’ வேலை என்று சொல்லத்தக்கது இதுதான்.

இரண்டாவது பள்ளிக்கூடம் மதுரை. அப்போது ஆளுநராக இருந்தவர் நேப்பியர் பிரபு, 1866 முதல் 1872 வரை. தீவுத்திடலையும் கடற்கரையையும் இணைக்கிற நேப்பியர் பாலம் இவர் பெயரில்தான். இந்தியாவில் இந்தியக் கட்டட மரபிலேயே அரசு கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். 1870-இல் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். இடிந்துகொண்டிருந்த திருமலை நாயக்கர் மகாலைச் சீரமைக்க அவர் உத்தரவிட்டபோது, போய்ப் பார்த்து அளந்து எழுதியவர் சிஷோம். பின்னால் லண்டனில் கட்டடக் கலைஞர்களின் சங்கத்திலும் அந்த மகாலைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார்.

மகாலுக்குப் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது மேலே அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல், வளைவில் சாந்து பெயர்ந்த இடம் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பளிங்குபோலத் தெரிவது சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே இருப்பது செங்கல். அத்தனை பெரிய வளைவும் மாடமும் கல்தச்சர் வேலை இல்லை, கொத்தனார் வேலை. நாயக்கர் ஒருவரின் அரண்மனையில், முகமதிய பாணி என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த கூர்வளைவை மதுரைக் கொத்தனார்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே அநாயாசமாகச் சுற்றியிருக்கிறார்கள். இங்கே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எதுவும் செய்யலாம், கை இருக்கிறது என்று சிஷோமுக்கு அங்கேதான் உறைத்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் அதற்குப் பின் அவர் வரைந்தவற்றைப் பார்த்தால் வேறு விதமாக நினைக்கத் தோன்றவில்லை.

ஆகவே ‘கண்டுபிடித்தவர்’ பற்றி: இல்லை. சேப்பாக்கம் அரண்மனை அவர் பிறப்பதற்கு 70 வருடத்துக்கு முன்பே நிற்கிறது; அந்தப் பாணியின் முதல் கட்டடம் என்று அதையே சொல்பவர்கள் அதிகம். அவர் காலத்திலேயே வடக்கில் எமர்சன் என்ற கட்டடக் கலைஞர் அலகாபாத்தில் மியூர் கல்லூரியையும், மான்ட் என்ற இன்னொருவர் அஜ்மீரில் மேயோ கல்லூரியையும் இதே போக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிஷோமின் தனிக்கணக்கில் எழுத வேண்டியது வேறொன்று: இந்தியப் பாணி என்றால் டெல்லி, ஆக்ரா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அவர் தெற்கையும் பார்த்தார். திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகம் 1880-இல் முடிந்தது. அதற்குக் குமிழ்க் கோபுரம் வைக்கவில்லை; மலையாள நாட்டின் செங்குத்தான ஓட்டுக்கூரையையும் முகப்பு மரவேலையையும் எடுத்துக்கொண்டார். அந்த மழைக்கு அதுதான் சரி. பிறகு அதே கூரையைச் சென்னைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். விக்டோரியா மண்டபத்தின் கோபுரத்துக்கு மேலே திருவிதாங்கூர்த் தொப்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அது அப்படி வந்ததுதான். சென்ட்ரலில் ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். ‘சிஷோம் கட்டினார்’ என்கிறோம். அவர் வரைந்தார். கட்டினவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். விக்டோரியா மண்டபத்தையும் பின்னால் உயர் நீதிமன்றத்தையும் எடுத்துக் கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. கணிதமேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்தது சேத்துப்பட்டில் இவருடைய வீட்டில்தான். செட்டிக்குக் கீழே இருந்த கொத்தனார், சித்தாள், சுண்ணாம்பு அரைத்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் கட்டடம் இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம் அவர்கள் கைப்பக்குவம்.

அந்தக் காலத்துச் சென்னையில் சுவர் வேலை என்றால் சுண்ணாம்புதான். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, ஊறப்போட்டு, மணலோ சுர்க்கியோ (செங்கல் பொடி) சேர்த்து மாடு பூட்டிய செக்கில் அரைப்பார்கள். வட்டமான பள்ளம், அதில் உருளும் கல் சக்கரம். வெண்ணெய் மாதிரி வரும்வரை அரைபடும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேரும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. மாடி என்றால் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாக்காக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடித்த கட்டை எம்பித் திரும்பினால்தான் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. அதற்கு மேல் தட்டோடு. சிஷோமின் வரைபடத்தில் இந்த விஷயம் எதுவும் கோடாக இருக்காது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை, கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியும். இந்தியக் கைவினைஞருக்குப் பழகிய வடிவத்தை வரைந்து கொடுத்தால் அவர் நன்றாகச் செய்வார், பழகாததை வரைந்து கொடுத்தால் நகல்தான் வரும் என்பது சிஷோமின் கட்சி. அதற்கு அடியில் இருக்கிற நடைமுறை இதுதான்.

ஒரு அனுபவம். பெயர் வேண்டாம், கடற்கரைக்குப் பக்கத்தில் அதே காலத்துக் கட்டடம் ஒன்று. சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல சுவர் ‘டங்’ என்று திடமாகப் பேசும். இது ஆள் உயரத்துக்குக் கீழே எங்கே தட்டினாலும் பொத்தல் சத்தம். எங்கள் பெரிய கொத்தனார், எழுபதை நெருங்கியவர், கரண்டி முனையை விட்டு லேசாக நெம்பினார். இரண்டு அடி அகலத்துக்கு அப்படியே பாளமாக வந்தது. எப்போதோ பழுதுபார்த்தவர்கள் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். பாளத்தின் பின்பக்கம் செங்கல்லின் முகமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, பலாச்சுளையில் தோல் ஒட்டின மாதிரி. உள்ளே செங்கல் ஈரமாக இருந்தது. விரலால் தேய்த்தால் செம்மண்ணாக உதிர்ந்தது. ‘செவரு மூச்சு விடணும் சார், இவங்க வாயப் பொத்திட்டாங்க’ என்றார் அவர். பாடப்புத்தகத்தில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும்; சிமென்ட் அதை அடைத்துவிடும்; ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லை உடைக்கும். கடல் காற்று வேறு. 150 வருடம் நின்றதைப் பத்துப் பதினைந்து வருடத்தில் அழிக்க நம்மால் முடியும்.

செனட் ஹவுஸுக்கு அந்தக் கதி நேரவில்லை. பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டி முறையாகச் சீரமைத்தார்கள். சேப்பாக்கத்தில் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இறங்கிவிட்டது. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு பொதுப்பணித் துறை சுண்ணாம்பு வேலையாகவே அதைத் திரும்ப எழுப்பியது. அரசு வேலைதானே என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் அங்கே போய் ஒரு முறை பார்க்கலாம்.

சிஷோமின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரோடாவில் லட்சுமி விலாஸ் அரண்மனையை 1878-இல் தொடங்கிய மான்ட் 1881-இல் இறந்துபோனார். தன் கணக்கு தப்பு, கட்டடம் இடிந்துவிடும் என்ற பயத்தில் மனம் பேதலித்துப் போனார் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. கதை எப்படியோ, கட்டடம் இடியவில்லை; அதை 1890-இல் முடித்துக் கொடுத்தவர் சிஷோம். அங்கேயே பரோடா கல்லூரிக்கு ஒரு பெரிய குவிமாடம் எழுப்பினார். அதற்கு பீஜாப்பூரில் பெரிய குவிமாடத்தோடு இருக்கிற கோல் கும்பஸ் சமாதி எப்படி நிற்கிறது என்று ஆராய்ந்து, அந்த முறையை எடுத்துக்கொண்டார். வெட்டிக்கொள்ளும் வளைவுகளால் சதுரத்தை வட்டமாக்கும் அந்த உத்தி பற்றித் தனியாக ஒரு பதில் எழுதலாம், இங்கே வேண்டாம். ரங்கூனில் ஒரு தேவாலயம். கடைசியாக லண்டனில், ஸ்லோன் டெரஸில் ஒரு கிறிஸ்தவப் பிரிவினருக்காக பைசாந்திய பாணியில் ஒரு கோயில், 1907-இல் முடிந்தது. இன்று அது கடோகன் ஹால் என்ற இசையரங்கம். செனட் ஹவுஸைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அதன் படத்தைத் தேடிப் பாருங்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி ஜாடை தெரியும். 1915-இல் இறந்தார்.

அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்றில்லை. அரசு சொன்னதைக் கட்டிக் கொடுத்த அரசு ஊழியர். நவாபின் அரண்மனையை அலுவலகமாக்கியதும் அந்தக் கையே. நம் வடிவங்களை எடுத்துத் தங்கள் ஆட்சிக்குச் சட்டையாக மாட்டிக்கொண்டார்கள் என்ற விமர்சனமும் நியாயமானதுதான். ஆனால் எடுப்பதற்கு முன் அளந்து பார்த்தார், படித்தார், கேட்டார். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளில் அது சாதாரணமில்லை.

ஒரு நாளில் என்ன பார்க்கலாம் என்றீர்களே. ஞாயிறு காலை ஆறரைக்குக் கடற்கரைச் சாலையில் ஆரம்பியுங்கள், வெயில் கிழக்கிலிருந்து நேராக முகப்பில் அடிக்கும். சிஷோம் இவற்றை வரைந்தபோது அங்கே மெரினா உலாச்சாலை கிடையாது. ஆளுநர் கிராண்ட் டஃப் அதை அமைத்தது 1880-களில். மாநிலக் கல்லூரியை முதலில் பாருங்கள், பிறகு நடந்தே சேப்பாக்கம், கடைசியில் செனட் ஹவுஸ். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், அவர் மாறிய வரிசையும் அதுதான். உள்ளே போக அனுமதி வேண்டியிருக்கும். வெளியிலிருந்தே அரை மணி நேரத்துக்கு விஷயம் இருக்கிறது. டிபன் முடித்துவிட்டு ராஜாஜி சாலையில் அஞ்சலகம், அங்கிருந்து பக்கத்திலேயே உயர் நீதிமன்றம். அதையும் பாருங்கள், இர்வினுடையது என்றாலும். இர்வினுக்கு ஒரு சாண் சுவர்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. சிஷோம் வெறும் செங்கல் சுவரை அப்படியே விட்டுவிட்டு, மேலே விளிம்பில் மட்டும் வேலைப்பாடு காட்டுவார். இந்த வித்தியாசம் ஒரு முறை பிடிபட்டுவிட்டால் பிறகு பெயர்ப்பலகை தேவைப்படாது. கடைசியாக விக்டோரியா மண்டபம். சாலைக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டு பாருங்கள். பக்கத்தில் நின்றால் அந்தத் தொப்பி தெரியாது.